கான் கரைக்கு ஆள் வேண்டாத செடி

"வெசாக் போயா கழிந்த வியாழன். விடிகாலையிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை. ரோட்டுக் கான் கரை மறுபடி சரிந்தது. வெள்ளைக் கல்லுக்கும் கரை விளிம்புக்கும் நடுவில் இப்போது ஒரு முழம்தான்."

காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. மழை, பிறப்பு, இறப்பு, பஸ் ஓடாத நாள், பலா காய்த்த மாதம் என்று எதையாவது எழுதி, தாள்களை வருடவாரியாக நூலால் கட்டி வைப்பது என் வழக்கம். இங்கே ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறேன். ஆண்டைச் சொன்னால் லயம் தெரிந்துவிடும், லயம் தெரிந்தால் ஆட்கள் தெரிந்துவிடுவார்கள். அதை அவர்கள் விரும்பமாட்டார்கள்.

எங்கள் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அறை வரிசை, எஹலியகொடையிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டின் மேல்பக்கத்தில் இருந்தது. ரப்பரும் தேயிலையும் கலந்த தோட்டம். நான் அங்கே பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாளும் பாடம் நடத்தாத என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

கான் என்பது எங்களுக்குத் தண்ணீர் வடியும் வாய்க்கால். மலையில் தேயிலைக்கு நடுவே வெட்டுவதும் கான், ரோட்டோரம் ஓடுவதும் கான். லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு மண் கரை. கரையின் அடியில் கான். கானைத் தாண்டினால் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களப் பெண்ணின் தேநீர்க் கடை. அவளை எல்லோரும் கடை நோனா என்போம். பஸ் நிற்பதும் அந்தக் கடைக்கு முன்னால்தான்.

எனக்கு அடுத்த காம்பராவில் இருந்தவளை இங்கும் தங்கச்சி என்றே எழுதுகிறேன். அவள் ரப்பர் பால் வெட்டுகிறவள். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. மற்றப் பெண்கள் மழை நாளில் தூங்குவார்கள், பேன் பார்ப்பார்கள், துணி தைப்பார்கள். இவள் தலையில் ஒரு உரப் பையைக் கவிழ்த்துக்கொண்டு கரைமேல் போய் நிற்பாள். வேலைக்குப் போகிற நாளில் கரை விழுவதில்லை. வேலை இல்லாமல் நிற்கிற நாளில்தான், அவள் கண் முன்னால், மண் பொத்துப் பொத்தென்று கானுக்குள் விழும். மழை விட்டதும் இறங்கி, விழுந்த மண்ணை அள்ளி, மறுபடி கரையில் அப்புவாள். தேங்காய் மட்டையை முட்டுக் கொடுப்பாள். அடுத்த மழை அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

அந்தக் கரையில் அவளுடைய பிள்ளை இருந்தது.

அது நடந்து பல வருடங்கள். ஏழாம் மாதத்தில் வலி எடுத்து, தோட்டத்து லொறியில் ஏற்றி, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் பிள்ளை. பிறக்கும்போதே உயிர் இல்லை. தாயை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். தகப்பன் பிள்ளையை ஓர் அட்டைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மடியில் வைத்திருந்தாராம். பக்கத்தில் இருந்தவர் என்ன பெட்டி என்று கேட்டதற்கு, சாமான் என்றாராம். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்.

பேர் வைக்காத பிள்ளையை எங்கள் ஆட்கள் தோட்டத்து மயானத்துக்குக் கொண்டுபோவதில்லை. தப்பு அடிப்பதில்லை, காரியம் செய்வதில்லை, திதி பார்ப்பதில்லை. யார் காலும் படாத இடமாகப் பார்த்து, லயத்துக்குக் கிட்டவே புதைப்பார்கள். இவர் கான் வெட்டுகிறவர். தோட்டத்தில் அவர் வெட்டிய கானுக்கு மட்டம் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்று கங்காணியே சொல்வார். அந்தக் கையாலேயே கரைமேல் குழி வெட்டினார். மேலே ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார். அது இந்தப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் ஒன்றுக்கும் உதவாது என்று எறிகிற கல். தாய் ஊருக்குத் திரும்பியபோது கல்லைத்தான் கண்டாள்.

அப்போது ரோடு ஒடுக்கம். கான் தள்ளி ஓடியது. பிறகு ரோட்டை அகலமாக்கினார்கள். கான் கரையின் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெருமழைக்கும் கரை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. அந்தப் பிள்ளைக்குப் பிறகு அவர்களுக்கு வேறு பிள்ளை கிடைக்கவில்லை. என் காம்பராவுக்கு எத்தனையோ பிள்ளைகள் வந்து போயின. அவளுடையது ஒன்றுகூட வரவில்லை. அவளும் அந்த வாசலை மிதித்ததில்லை. கொழுந்து மலைக்குப் போகும் குறுக்குப் பாதை அதன் முன்னால் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அந்த வெசாக் பௌர்ணமி மழைக்குப் பிறகு அதிகாரிகள் வந்து லயத்தின் பின்னால் மலையில் வெடிப்பு ஓடியிருப்பதைக் காட்டினார்கள். இங்கே இருக்க முடியாது, வேறொரு டிவிசனில் வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். லயமே சந்தோஷப்பட்டது. தனிச் சுவர், தனிக் கக்கூஸ், வாசலில் கத்தரிக்காய் நட ஒரு துண்டு நிலம். எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன். தங்கச்சி மட்டும் அன்றைக்கு என் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு,

"நாங்க போயிட்டா கரைய யாருக்கா பாப்பாங்க?" என்றாள்.

பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று யாரோ சொன்னதற்கு அவள் புருஷன், "என்னாத்த எடுக்கிறது? தோண்டிப் பார்க்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சுவர் கட்டவும் வழியில்லை. அது ரோட்டுக்குச் சொந்தமான நிலம்.

அப்படித்தான் செடி என்ற யோசனை வந்தது. எஹலியகொடை நூலகத்தில் நான் பழைய வாசகி. வரலாறு, பயணம், வைத்தியம், கிடைத்ததெல்லாம் வாசித்திருக்கிறேன். மண் அரிப்பைப் பற்றிய ஒரு சிறு கையேட்டை இரவல் வாங்கி வந்தேன். ரோட்டோரக் கான்களுக்குக் குறைந்த பராமரிப்புள்ள செடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயம் இருந்தது. அந்த வார்த்தையைப் படித்துக் காட்டியபோது தங்கச்சிக்கு விளங்கவில்லை.

"அப்படின்னா?"

"நட்டுட்டு விட்டுட்டுப் போயிரலாம். தானா இருக்கும்."

"ஆள் வேண்டாத செடி" என்றாள். பிறகு நாங்கள் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை நோனாவின் கடைவாசலில் உட்கார்ந்து இதைப் பேசினோம். எதிரே கரை. நானும் தங்கச்சியும் பெஞ்சில். அவள் புருஷன் கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்தார். கடை நோனா தேநீர் ஆற்றிக்கொண்டே எல்லாவற்றுக்கும் வாய் கொடுத்தாள். லயத்துக்கு வெளியே விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அன்று அந்தப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவருக்கு ஒன்றும் கேட்காமல் தேநீர் கொடுத்தவளும் அவள்தான்.

"அனே நங்கி, ரம்பை நடு. ஈரத்துக்கு நல்லா வரும். நான் தினம் பாத்துக்கிறது" என்றாள். நங்கி என்றாலும் தங்கச்சிதான்.

"பாத்துக்கிறதா, பறிச்சுக்கிறதா?" என்றார் புருஷன்.

"ஒரு எல பறிச்சா என்ன? கறிக்கு வேணும்தானே?"

"நோனா ஒரு எல பறிங்க, பரவால்ல. பஸ்சுக்கு நிக்கிற சனம் ஆளுக்கு ஒரு எல பறிச்சா எனக்கு வேருகூட மிஞ்சாது" என்றாள் தங்கச்சி.

வல்லாரையும் அதே காரணத்தால் போயிற்று. சாப்பிடுகிற எதுவும் ரோட்டோரத்தில் நிற்காது. கல்வாழை அழகாக இருக்கும் என்றேன். அதன் பூவைப் பன்சலையில் புத்தருக்கு வைக்கப் பறித்துக்கொண்டு போவார்கள், அதுமட்டுமல்ல, கிழங்கு பருத்துக் கானை அடைக்கும் என்றார் புருஷன். மஞ்சள் பூப் பூக்கும் படர்கொடி ஒன்று எல்லா ரோட்டோரத்திலும் கிடக்கிறதே என்று கேட்டேன். அது மேலாகத்தான் ஓடும், மண்ணைப் பிடிக்காது என்றார். கையேட்டைப் புரட்டி, "சேம்பு?" என்றேன்.

"வேணாம் டீச்சர்" என்றார். "சேம்புக்குப் பன்னி வரும். தோண்டும்."

கடை நோனா ஆற்றிய தேநீரையே மறுபடி ஆற்றினாள். ஒரு பஸ் வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போயிற்று.

பிறகு நான் குரோட்டன் என்றேன். எங்கள் மயானத்தில் கல்லறைகள் கிடையாது. சிமெண்டு வைக்கத் தோட்டம் விடாது, எங்களுக்கும் வசதியில்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் கிளையை ஊன்றுவதுதான் அடையாளம். சிவப்பும் மஞ்சளுமாக அது தழைத்துவிட்டால், புல் வெட்டப் போனவனும் விறகு பொறுக்கப் போனவளும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் ஆட்களின் கத்தி குரோட்டனில் படாது. கொப்பை நட்டால் போதும், தானாக வேர் பிடிக்கும். அதுவும் ஆள் வேண்டாத செடிதான்.

தங்கச்சியின் முகம் மாறிவிட்டது.

"அது பொணத்துக்கு வைக்கிறதுக்கா. இது பொணமா? பேரே வைக்காத புள்ள. பால்கூடக் குடிக்கல. குரோட்டன வச்சா அன்னைக்கே அது பொணமாயிரும். ரோட்டுல போறவனெல்லாம் யாரு செத்தான்னு கேப்பான்."

"சரி, சரி. வேணாம்" என்றேன்.

கடைசியில் வெட்டிவேரைச் சொன்னது கடை நோனா. "செவெந்தரா" என்றாள். அவளுடைய தகப்பன் வயல் வரப்பில் நட்டிருந்தாராம். ஆள் உயரத்துக்கு வேர் நேராக மண்ணுக்குள் இறங்கும். மாடு முற்றிய புல்லைக் கடிக்காது. பூ இல்லை, காய் இல்லை, கறிக்கு ஆகாது. வெள்ளத்திலும் நிற்கும், மாசி வெயிலிலும் நிற்கும். வேரை விற்கிறவர்கள் தோண்டுவார்களே என்றேன். ரோட்டோரத்துப் புல்லை யார் வெட்டிவேர் என்று நினைக்கப்போகிறார்கள், பார்த்தால் சும்மா புல் மாதிரித்தானே இருக்கிறது என்றாள். அதுதான் நல்லது என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது. என் கையேட்டிலும் அது இருந்தது. படமும் இருந்தது.

தங்கச்சி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லாத செடி" என்றாள்.

புருஷனுக்குத்தான் மனமில்லை.

"கான்ல புல்லு நடுறதா? நல்லா இருக்கு. வேலைக்கு வந்த நாள்லேருந்து கான்ல இருக்கிற புல்லப் புடுங்கினவன் நான். இப்ப நானே குனிஞ்சு நடணுமாம். கங்காணி பாத்தா கெழவனுக்குப் புத்தி பெரண்டுருச்சும்பான்."

"கங்காணிக்கு நீங்க ஒரு கட்டு வேரு குடுங்க. தலைமாட்டுல வச்சுக்கிட்டு நல்லாத் தூங்கட்டும்" என்றாள் தங்கச்சி.

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு.

நவராத்திரி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை நட்டோம். கடை நோனா தகப்பன் வீட்டிலிருந்து ஒரு சாக்கு நிறைய நாற்றுக் கொண்டுவந்தாள். தங்கச்சியின் புருஷன் ஓர் இழை தவறாமல் கயிறு கட்டி மட்டம் பிடித்தார். கரையின் சரிவில் வரிசைக்கு மேல் வரிசையாக, தூருக்குத் தூர் நெருக்கமாக, மம்பட்டி நுனியால் கீறி நட்டுக்கொண்டே போனார். வேண்டா வெறுப்பாகத் தொடங்கியவர் போகப் போகத் தன் வேலை மாதிரி செய்தார். வெள்ளைக் கல்லுக்கு நேர் கீழே வந்ததும் நின்றுவிட்டார். மம்பட்டியை ஊன்றிவைத்துவிட்டு, கையைக் கழுவப் போகிறேன் என்று ரோட்டைக் கடந்து போனார். கடையில் தண்ணீர் வாங்கிக் கழுவிக்கொண்டே நின்றார். அந்த இடத்தை மட்டும் தங்கச்சி மம்பட்டி தொடாமல், விரலால் குழி செய்து நட்டாள். அவள் முடித்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். வந்து, அவள் நட்டதில் இரண்டு தூரை எடுத்துக் கயிற்றுக்கு நேராக வைத்தார்.

ஐப்பசி மழைக்கு முதல் முறையாகக் கரை விழவில்லை. என் தாளில் அப்படித்தான் இருக்கிறது: "பெருமழை. கரை நிற்கிறது." அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறேன். வழக்கமாக நான் கோடு இழுப்பதில்லை.

தைப்பொங்கல் முடிந்து லயம் காலியாயிற்று. லொறியில் சாமான் ஏற்றும்போது தங்கச்சி கத்தியோடு கானுக்குள் இறங்கி, கையேட்டில் சொன்னபடி புல்லின் தலையை ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்டாள். இனி அடுத்த வெட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன். வெட்டியதை அள்ளிக் கல்லைச் சுற்றிப் போட்டாள். அழவில்லை. லொறியில் ஏறிய பிறகு, "நோனா, போயிட்டு வாரேன்" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினாள். கடை நோனா கடைக்குள்ளேயே நின்றுகொண்டாள்.

புது வீடுகள் நன்றாக இருந்தன. அங்கே மலையில்லை. மழை பெய்தாலும் பயமில்லை. மழை நாளில் தங்கச்சி வாசலில் நின்று, பிறகு உள்ளே போய், மறுபடி வாசலுக்கு வருவாள். சாமான் வாங்க என்று சொல்லிக்கொண்டு மாதத்தில் ஒரு நாள் பஸ் மாறிப் போவாள். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. சில முறை நானும் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்குவோம், தேநீர் குடிப்போம், எதிரே கரையைப் பார்ப்போம், அடுத்த பஸ்ஸில் திரும்புவோம். மாசியில் எல்லாப் புல்லும் காய்ந்து கிடந்தபோது அந்தச் சரிவு மட்டும் பச்சையாக நின்றது. "ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே" என்றாள். ஒருவிதப் பெருமையாகவும் இருந்தது, ஒருவிதக் குறையாகவும் இருந்தது.

வெசாக்குக்கு முந்திய வாரம் மறுபடி போனோம். ரோடு முழுக்கப் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரங்கள் எல்லாம் துப்புரவாக இருந்தன. பஸ் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கச்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது படியில் கால் இடறிற்று.

கான் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. அடித்தளம் மட்டம். இரண்டு பக்கமும் சரிவு சீராகச் செதுக்கியது. ஒரு புல் இல்லை. சிவப்பு மண் வெட்டுக்கத்தியில் வெட்டிய பலாச்சுளை போல ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. வெட்டிவேரைத் தூரோடு தோண்டி எடுத்திருந்தார்கள். வேர் லேசில் விட்டிருக்காது. பிடுங்கிய குழிகளையெல்லாம் மண் போட்டு அறைந்து சமப்படுத்தியிருந்தார்கள். வெள்ளைக் கல்லையும் காணவில்லை.

கடை நோனா ஓடிவந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனே நங்கி, நான் சொன்னது. எபா, எடுக்க வேணாம்னு சொன்னது. கேக்கல்ல."

வந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். தோட்டத்து வேறொரு டிவிசனிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். இது நட்ட புல் என்று அவள் சொன்னபோது அவர்கள் சிரித்தார்களாம். "கான்ல யாராச்சும் புல்லு நடுவாங்களா நோனா? ஒரு கொடி கெடந்தாலும் எங்களுக்குப் பேரு போட மாட்டாங்க" என்றானாம் ஒருவன். பேர் போடாவிட்டால் அன்றைய வேலை வேலையாகாது. ஏன் நட்டது என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று தங்கச்சி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அப்போதுதான் நான் கடைக்குப் பக்கத்தில் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்தில் அழகுக்காகக் கடை நோனா ஒரு குரோட்டன் நட்டிருந்தாள். ரோட்டின் அந்தப் பக்கத்துக் கானையும் அவர்கள் அதே மாதிரித்தான் வழித்திருந்தார்கள். ஆனால் குரோட்டனை விட்டுவிட்டார்கள். விட்டது மட்டுமல்ல. கானின் நேர்கோட்டையே அந்த இடத்தில் கொஞ்சம் வளைத்து, அடியில் மண்ணைக் கூட்டி, கையால் தட்டி, ஒரு மேடு போல ஆக்கிவைத்திருந்தார்கள். அதன்மேல் யாரோ ஒருவன் ரோட்டோரத்துச் செம்பரத்தம் பூ ஒன்றைக்கூட வைத்துவிட்டுப் போயிருந்தான். அது வாடிக் கிடந்தது.

"இது என்னத்துக்குன்னு எனக்குத் தெரியாது" என்றாள் கடை நோனா. "நல்ல ஆக்கள்தான்."

தங்கச்சி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னவள் அவள் அல்ல, நான். அவர் வாசலில் உட்கார்ந்து மம்பட்டிக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே செதுக்கினார். கடைசியில்,

"நல்லா வெட்டியிருக்கானுங்களா?" என்று கேட்டார்.

"என்னாங்க கேள்வி இது?" என்றாள் உள்ளேயிருந்து தங்கச்சி.

"நல்லா வெட்டியிருக்காங்க" என்றேன்.

காம்பைத் தரையில் வைத்தார். "நானா இருந்தாலும் புடுங்கியிருப்பேன் டீச்சர். கான்ல புல்லக் கண்டா கை சும்மா இருக்காது" என்றார். அன்று அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான்தான் சோறு கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலை தட்டு மூடியபடியே இருந்தது.

வெசாக் போயா அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தங்கச்சி என் வாசலில் வந்து நின்றாள். "வாரீங்களாக்கா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. புறப்படும்போது புருஷனைப் பார்த்து, "நீங்களும் வாங்க. கல்லு இல்ல. எடம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். அவர் சட்டையை எடுத்தார். போட்டார். வாசல்வரை வந்தார்.

"நீ போயிட்டு வா" என்றார்.

கடை நோனாவின் குரோட்டனிலிருந்து தங்கச்சியே ஒரு கொப்பை ஒடித்தாள். ரோட்டைக் கடந்து கரையில் ஏறினோம். அங்கே எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. கயிறு பிடித்த இடம் எது, அவர் கையைக் கழுவப் போன இடம் எது என்று எதுவும் தெரியவில்லை. கடையின் தூணுக்கு நேராகத்தான் கல் இருந்தது என்றாள். நான் தகரக் கூரையின் முனைக்கு நேராக என்று நினைத்திருந்தேன். கடை நோனா அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டி, இன்னும் மேலே, இன்னும் மேலே என்றாள். மூன்று பேருக்கும் மூன்று இடம். தங்கச்சி கொஞ்ச நேரம் குந்தியிருந்து மண்ணைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு ஓரிடத்தில் விரலால் குழி செய்து கொப்பை ஊன்றினாள். மண்ணைக் கூட்டித் தட்டினாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "பொணம்னே இருக்கட்டும். தொட மாட்டாங்கல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். பேர் வைக்காத பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது. அவள் எதையும் சொல்லி அழவில்லை, யாரையும் கூப்பிட்டும் அழவில்லை. வெறும் சத்தம்தான். ரோட்டில் வெள்ளை உடுத்திப் பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் நின்றார்கள். குரோட்டனைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடவில்லை. எஹலியகொடை ரோட்டில் பஸ் நின்றது. கடை நோனா தொலைபேசியில் கரை விழுந்ததென்றும், எல்லா இடமும் விழவில்லை என்றும், குரோட்டன் நிற்கிறதென்றும் சொன்னாள். இரண்டாம் முறை எடுத்தபோது, அதில் சிவப்பாக ஒரு குருத்து வந்திருப்பதாகச் சொன்னாள். தங்கச்சி கேட்டுக்கொண்டாள். மழை நாளில் இப்போது அவள் வாசலில் நிற்பதில்லை. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமியான பொசனும் கழிந்து இதை எழுதுகிறேன். தேதி போட்டு எழுதுகிறவள் என்பதால், தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. குரோட்டன் வேர் பிடித்தது, கடை நோனா கண்ணால் பார்த்துச் சொன்னது. கீழே மதகுப் பக்கம் வெட்டிவேர் ஒரு தூர் முளைத்து நிற்கிறதாம். அது எங்களுடையதுதான் என்று அவள் நினைக்கிறாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அது பெரிய விஷயமும் அல்ல.

பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் குரோட்டன் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் பிள்ளை இருக்கிறதா, அல்லது செதுக்கிய மண்ணோடு, விழுந்த கரையோடு கானில் போய்விட்டதா என்பது. அதைச் சொல்லக்கூடியவர் குழி வெட்டியவர் ஒருவர்தான். பஸ் இப்போது ஓடுகிறது. அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே அது உறுதி செய்யப்படாதது.